மூதேவிக்கு எழுதிய பெயர்ப்பலகை

போன மாதம் மியூசியத்தில் இருந்து இரண்டு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இருவரும் பெரிய படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பழைய மரப்பலகைகளைக் கழற்றிவிட்டு, சென்னையில் அச்சடித்து வரும் பளபளப்பான அட்டைகளை மாட்டப் போகிறார்களாம்.

"பாய், அந்தப் பலகையெல்லாம் நீங்க எழுதுனதுன்னு சொன்னாங்க. மத்த சிலைக்கெல்லாம் நாலஞ்சு வரி விளக்கம் இருக்கு. கிட்டங்கில இருக்குற ஒரு சிலைக்கு மட்டும் ஒரே ஒரு வார்த்தை, கீழ ஊர்ப் பேரு. அது ஏன்?" என்று அந்தப் பெண் கேட்டது.

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தேன். உள்ளே இருந்து என் மனைவி ஹலீமா, "அவுங்களுக்கு பஸ்ஸு போயிடும், சுருக்கமா சொல்லி அனுப்புங்க" என்றாள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன. பிள்ளைகள் பாதியில் எழுந்து ஓடவேண்டியதாயிற்று. மீதியை எழுதியே கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுத்து நன்றாக இருக்கும். எழுதுவது நன்றாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் மியூசியம் கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக் காற்று அடிக்கும் தூரத்தில், பழைய காலத்து வெள்ளைக்கார வியாபாரிகள் கட்டிய இரண்டு கட்டிடங்களில் இருந்தது. முன்னால் ஒரு மாடி வீடு. பின்னால், துணி மூட்டைகளை அடுக்கிவைத்து கப்பலுக்கு அனுப்பிய கிட்டங்கி. கட்டியவன் டச்சுக்காரனா இங்கிலீஷ்காரனா என்று டீக்கடையில் சண்டை நடக்கும். யார் கட்டினாலும் சுவரை ஒழுங்காகக் கட்டியிருந்தான். சித்திரை வெயிலில்கூட கிட்டங்கிக்குள் கிணற்றில் இறங்கியதுபோல இருக்கும். ஊரில் பாதிப்பேர் அதற்காகவே சரித்திரம் படிக்க வந்தார்கள்.

அதை மியூசியம் என்று ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'செத்த காலேஜ்' என்பார்கள். பட்டணத்தில் மிருகங்கள் உயிரோடு இருக்கும் இடத்துக்கு உயிர் காலேஜ் என்றும், மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ ரயிலேறிக் கடலூருக்கும் வந்துவிட்டது. எங்களிடம் செத்தது என்று இருந்தது ஒரே ஒரு முதலைத் தோல். அதற்கே அந்தப் பெயர். "எங்க மச்சான் செத்த காலேஜ்ல புரொபசர்" என்று ஹலீமாவின் தம்பி காதர் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவான்.

என் அத்தா துறைமுகத்தில் தோணிகளுக்குப் பெயர் எழுதியவர். தூரிகை பிடிக்க அவரிடம் கற்றேன். பிறகு கடைப்பலகைகள் எழுதினேன். நான் எழுதிய ஜவுளிக்கடைப் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டு மியூசியத்தில் கூப்பிட்டார்கள். பதவியின் பெயர் அட்டெண்டர். தூசி தட்டுவது, கதவு திறப்பது, பலகை எழுதுவது. பயிற்சி என்று சொன்னால், சிலையை எந்த இடத்தில் தொடக் கூடாது என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்ததுதான்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கலக்கம் இருந்தது. ஐந்து வேளைத் தொழுகையை விடாதவன். நாள் முழுக்கச் சிலைகளோடு இருக்கிறேனே, இது கூடுமா? காதர் வேறு, "மறுமையில கேப்பாங்க மச்சான், பதில ரெடி பண்ணி வெச்சிக்க" என்று பயமுறுத்திக்கொண்டிருந்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவர் தாடியை நீவியபடி, "கும்புடுறியா?" என்றார். "இல்ல ஹஜ்ரத், தூசி தட்டுறேன்." "தூசி தட்டுறது ஹராம்னு நான் எந்த கிதாபுலயும் பாத்ததில்ல. உன் பொஞ்சாதிக்கு வூட்டுலயும் கொஞ்சம் தட்டிக் குடு" என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பலகையையும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்கினேன். பலகையில் வரப்போவது சிவபெருமானோ, புத்தரோ, பீரங்கிக் குண்டோ, நான் தொடங்குவது அல்லாஹ்வின் பெயரால்.

எங்கள் காப்பாட்சியர் சபாநாயகம் சார். சிதம்பரத்துக்காரர். தினமும் அங்கிருந்து ரயிலில் வந்து போவார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "சந்தோஷம்" என்பார். ஒருமுறை காவல்காரர் வீராசாமி, பழைய பீரங்கியின் வாய்க்குள் தன் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக் குளிர்ச்சிக்காக வைத்திருந்தார். வந்திருந்த கல்லூரி மாணவர்கள் முன்னால் சார் பீரங்கிக்குள் கைவிட்டு, மோர்சாதத் தூக்கை எடுத்துக் கொடுத்து, "சந்தோஷம்" என்றார். வீராசாமிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஆபீசில் "நேத்து எனக்கு ரெண்டு சந்தோஷம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அனுதாபத்தோடு பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட்டங்கியில் மூன்று சுவர் ஓரமாகச் சிலைகள் நிறைந்திருக்கும். மேற்குச் சுவர் மட்டும் வெறுமையாக இருக்கும். மேலே இருந்து வந்தவர்கள் ஏன் என்று கேட்டால், "அங்க ஈரம் இறங்குது" என்பார் சார். கடலூரில் எந்தச் சுவரில் ஈரம் இறங்கவில்லை? மத்தியானத் தொழுகைக்கு நான் பாயை விரித்து, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நிற்பது அந்தச் சுவரைப் பார்த்துத்தான். அதைப் பற்றி அவரும் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

பலகை எழுதுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வேப்பம்பலகையை இழைத்து, உப்புத்தாள் போட்டு, கறுப்புப் பெயிண்டை இரண்டு தடவை பூசிக் காயவைப்பேன். அது காயும்வரை அவர் எழுத வேண்டியதை ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டில் எழுதுவார். எழுதியதை என்னிடம் கொடுத்து, "படிங்க பாய்" என்பார். நான் தடுக்கிய இடத்தை அழித்து வேறு வார்த்தை போடுவார். நான் தடுக்காமல் படித்தால்தான் பலகைக்குப் போகும். பிறகு சுண்ணாம்புத் தூள் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அணில்வால் முடித் தூரிகையால் வெள்ளையில் எழுதுவேன். அவர் பார்வையாளர் நிற்கும் இடத்தில் போய் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையசைப்பார்.

"பலகை பொய் சொல்லக் கூடாது பாய். ஜனங்க கல்ல நம்புறாங்களோ இல்லையோ, பலகைய நம்புறாங்க" என்பார். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவதும் அவருக்குப் பொய்தான். எங்களிடம் ஒரு வளைந்த இரும்பு இருந்தது. அதற்கு நான் எழுதிய பலகை: 'இரும்புக் கருவி. எதற்கென்று தெரியவில்லை.' இதைப் படித்துவிட்டுச் சிரிக்காத பார்வையாளர் இல்லை. சார் மாற்றவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். முந்தைய வெள்ளத்தில் வெள்ளாற்றங்கரை சரிந்து, புவனகிரிக்குக் கிழக்கே ஒரு ஊரில் கற்சிலை ஒன்று வெளியே தெரிந்திருக்கிறது. ஊரார் அதைத் தூக்கிப் புங்கமரத்தடியில் நிறுத்திப் பூப் போட ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் வெளியூர் ஆள் ஒருவன் காரில் வந்து சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். விற்கிற கூட்டம் என்று சந்தேகப்பட்டு, மியூசியத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் இருந்து தகவல் வந்தது. சாரும் நானும் புவனகிரிவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்துப் போனோம்.

சிலை ஒரு பெண். நாற்காலியில் உட்கார்வதுபோலக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பெருத்த வயிறு. வலப்பக்கம் மாட்டு முகத்தோடு ஒரு பிள்ளை, இடப்பக்கம் ஒரு பெண் பிள்ளை. அந்த நிலத்துக்காரர் கலியபெருமாள் எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

"இவ புள்ளத்தாச்சி அம்மா ஐயா. வயித்த பாத்தாலே தெரியல? நெறமாசம். அதோ பக்கத்துல நெல்லுக் கதிரு. மேல கொடியில கிளி. அந்தப் புள்ளைக்கு கன்னுக்குட்டி மூஞ்சி, அதனால மாட்டுக்கும் இவதான் பிரசவம் பாக்குறா. போன வாரம் எங்க பசு ஒரு சிரமம் இல்லாம ஈனிச்சி."

சார் பூதக்கண்ணாடியை எடுத்து நெல்லுக் கதிரைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். கன்றுக்குட்டியைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "சந்தோஷம்" என்றார். அந்த அப்பாவி மனிதர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்?

சிலையை வண்டியில் ஏற்றப் போகும்போது, பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். கலியபெருமாளின் மனைவி அஞ்சலை. நாலைந்து மாத வயிறு.

"எங்க கொண்டு போறாங்க?"

"கடலூருக்குப் புள்ள. செத்த காலேஜுக்கு."

அவள் முகம் மாறிவிட்டது. "செத்தத வெக்கிற எடத்துக்கா? ரெண்டு புள்ளைய மண்ணுல போட்டுட்டு, இதுவாவது உசுரோட வேணும்னு நான் இவகிட்ட கேட்டுக்கிட்டு நிக்கிறேன். இவளப் போய் அங்க கொண்டு போறீங்களே."

"கார்க்காரன் திரும்பி வந்தா கல்லையே பாக்க முடியாது புள்ள. அவரு சர்க்கார் ஆளு, பத்திரமா வெச்சிப்பாரு" என்றார் கலியபெருமாள். அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, நான் அங்கதான் வேல பாக்குறேன். எனக்கு மூணு பொண்ணு. மூணும் நான் செத்த காலேஜ்ல சேந்த பின்னாடி பொறந்ததுங்கதான். ஒண்ணாவது வாய மூடுதான்னு எங்க வூட்டுல வந்து பாரு."

கூட்டம் சிரித்தது. அவளும் அழுகையோடு கொஞ்சம் சிரித்துவிட்டாள். "அங்க வந்து பாக்க வுடுவாங்களா பாய்?"

சார் சொன்னார்: "கதவு தொறந்திருக்கிற நாளெல்லாம் வரலாம். ஆனா சூடம் கொளுத்தக் கூடாது, எண்ணெய் ஊத்தக் கூடாது, தொடக் கூடாதும்மா."

"பாத்தா போதும்" என்று சக்கரத்தை விட்டாள்.

திரும்பும்போது வைக்கோலுக்கு நடுவில் சிலையைப் படுக்கவைத்து, பின்பக்கம் சாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெள்ளாற்று மணலில் சக்கரம் புதைந்து புதைந்து ஏறியது. சார் என் காதருகே குனிந்தார்.

"பாய், உங்களுக்கு மூதேவி யாருன்னு தெரியுமா?"

"காலைல எழுந்திரிக்க லேட்டானா எங்க வூட்டுல என் பேரு அதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. வைக்கோலைக் காட்டி, "இவங்கதான்" என்றார்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. அவர் மெல்லச் சொன்னார். அது நெற்கதிர் இல்லை, துடைப்பம். கொடியில் இருப்பது கிளி இல்லை, காக்கை. மாட்டு முகப் பிள்ளையும் மற்றப் பெண்ணும் மூதேவியின் மக்கள். வயிறு அவளுக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு காலத்தில் ராஜாக்களே கோயிலில் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு ஜனங்கள் வேண்டாம் என்று ஆற்றிலும் குளத்திலும் தள்ளிவிட்டார்கள்.

"அப்ப அந்தப் பொண்ணு..." என்றேன்.

"மெதுவா பேசுங்க. வண்டிக்காரன் காதுல விழுந்தா ஆத்துலயே எறக்கி வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவான்."

நான் வைக்கோலை இழுத்துச் சிலையை இன்னும் கொஞ்சம் மூடினேன்.

மியூசியத்தில் ரகசியம் ஒரு நாள் தாங்கியது. எங்கள் கிளார்க் கோவிந்தசாமி நல்ல மனிதர், சகுனம் பார்ப்பவர். பூனை குறுக்கே போனால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். கிட்டங்கியைத் தாண்டித்தான் அவருடைய அறைக்குப் போக வேண்டும். மறுநாள் முதல் அவர் கிட்டங்கிக்கு வெளியே, வேலியோரம் முள் செடிகளுக்கு நடுவே சுற்றிப்போக ஆரம்பித்தார். காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும், கையில் ஒரு குடையும் வைத்திருந்தார். "வெய்யில்ல நடந்தா உடம்புக்கு நல்லதுன்னாங்க" என்பார், குடையைப் பிடித்துக்கொண்டே.

வீராசாமி அந்தப் பக்கம் விளக்குமாற்றையே கொண்டுபோக மறுத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். "பாய், நீங்கதான் இவளப் பாத்துக்கணும். உங்க மதத்துல மூதேவி கெடையாதுல்ல? உங்களுக்கு ஒட்டாது." இப்படியாக அந்த அம்மாவின் தூசி என் பொறுப்புக்கு வந்தது. வீட்டில் சொன்னேன். ஹலீமா, "கல்லு மூதேவிக்கு காலைல தூசி தட்ட எழுந்திரிக்கிறீங்க. வூட்டுல இருக்குறதுக்கு எழுந்திரிக்க மாட்டேங்குறீங்க" என்றாள்.

அஞ்சலை சொன்னபடி வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் புவனகிரியில் பஸ் ஏறி வருவாள். சில நாள் கலியபெருமாளும் கூட வருவார். கிட்டங்கிக்குள் போய்ச் சிலைக்கு எதிரில் தரையில் உட்காருவாள். கைகூப்ப மாட்டாள், உதடு அசையாது. பக்கத்து வீட்டுக்காரியோடு சும்மா உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்துவிட்டு எழுந்துபோவாள். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஹலீமா மோர் கொடுத்து அனுப்புவாள். பிறகு அவளே கொண்டுவந்து அஞ்சலையோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். முதல் குழந்தை பிறந்து அழவே இல்லையாம். இரண்டாவது ஒரு வாரம் அழுததாம். இதை ஹலீமா என்னிடம் சொன்ன நாளில் என் மூன்றாவது பெண் எதற்கோ வீடே அதிர அழுதுகொண்டிருந்தது. அன்றைக்கு நான் அதட்டவில்லை.

சித்திரை முடியும் தறுவாயில் சென்னையில் இருந்து மேலதிகாரி பார்வையிட வந்தார். கிட்டங்கியைப் புதுக் காட்சிக்கூடமாகக் கலெக்டர் திறந்துவைக்கப் போவதாகவும், பலகை இல்லாத பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் சொன்னார். புள்ளத்தாச்சி அம்மா முன்னால் நின்று, "அடடே, மூதேவி. நல்ல சிலை. ஏன் போர்டு இல்ல? பெருசா எழுதுங்க, ஜனங்க ஆச்சரியப்படுவாங்க" என்றார்.

சபாநாயகம் சார் ஒரு பலகைக்கும் தாமதம் செய்து நான் பார்த்ததில்லை. இந்தப் பலகைக்கு மட்டும் வந்தது பாருங்கள் கோளாறு. முதலில் பலகை ஈரமாக இருக்கிறது என்றார். பிறகு கறுப்பு சரியான கறுப்பாக இல்லை என்றார். பிறகு என் தூரிகை தேய்ந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டு, அணில்வால் முடி மாற்றச் சொன்னார். சிலேட்டில் எழுதுவதும் துடைப்பதுமாக இருந்தார். அஞ்சலை அஞ்சாம் வகுப்பு படித்தவள்; எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மூதேவின்னு எழுதத்தான் போறீங்களா?" என்று ஹலீமா கேட்டாள்.

"மேலேந்து உத்தரவு."

"ஒரு புள்ளத்தாச்சிகிட்ட போய் அந்த வார்த்தைய சொல்ல உங்களுக்கு நாக்கு வருமா?"

"நான் எங்க சொல்லப் போறேன்? எழுதத்தான போறேன்."

"நாக்கு கூசுற வார்த்தைக்குக் கை கூசாதா?"

அன்று இரவு இஷா தொழுதுவிட்டுப் படுத்தவனுக்கு அந்தக் கேள்வி தலையணைக்கு அடியில் கிடந்தது. காலையில் சாரிடம் போய் நின்றேன்.

"சார், எனக்கு அந்த எழுத்து வராது."

"எந்த எழுத்து?"

"மூ."

மூக்குக்கண்ணாடி கழன்றது. "சந்தோஷம்" என்றார்.

நான் நகரவில்லை. "புள்ளத்தாச்சி அம்மன்னு எழுதிடலாமே சார். ஊர்க்காரங்க அப்படித்தான கூப்புடுறாங்க."

"அது தப்புன்னு எனக்குத் தெரியும் பாய். தெரிஞ்சும் எழுதினா, நாளைக்கு மத்த பலகையெல்லாம் எவன் நம்புவான்? அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னு எனக்கும்தான் இருக்கு. அதுக்காகப் பொய் எழுத என்னால ஆகாது." கொஞ்சம் பொறுத்து, "உண்மைய எழுதவும் ஆகல" என்றார்.

இரண்டு பேரும் அந்த வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே கோவிந்தசாமியின் குடை வேலியோரம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சிதம்பரத்தில் இருந்து வந்த சார் நேராக என்னிடம் வந்தார். வழக்கமாக ரயிலில் தூங்கி எழுந்த முகத்தோடு வருபவர், அன்று தூங்காத முகத்தோடு வந்தார். ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்த பழைய நிகண்டுகளையும் அகராதிகளையும் இறக்கிவைத்துத் தேடினாராம். சிலேட்டில் ஒரே வார்த்தை எழுதி, "படிங்க பாய்" என்று நீட்டினார்.

"தவ்வை."

"தடுக்கலையே?"

"தடுக்கல. ஆனா புரியல சார்."

"தவ்வைன்னா அக்கா. மூதேவிக்குப் பழைய தமிழ்ல அதான் பேரு. மூதேவிங்கறதே மூத்த தேவிதான். நாமதான் அத வசவாக்கிட்டோம். இதுல பொய் ஒரு எழுத்துகூட இல்ல. மேலதிகாரி கேட்டாலும் நான் புஸ்தகத்தக் காட்டுவேன். விளக்கம் வேண்டாம். பேரும் ஊரும் போதும்."

பிஸ்மில்லாஹ் சொல்லி எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய எழுத்துகளில் அந்த 'வ்வை' போல ஒன்று வளைந்து வந்ததில்லை. சார் பார்வையாளர் இடத்தில் நின்று பார்த்துத் தலையசைத்தார். எங்களைப்போல கெட்டிக்காரர்கள் உண்டா என்று எனக்கு ஒரு பெருமை.

வெள்ளிக்கிழமை வந்தது. அஞ்சலைக்கு நிறைமாதம். இடுப்பில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கலியபெருமாள் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கப் போயிருந்தார். நானும் சாரும் கிட்டங்கியில் நின்றோம். கோவிந்தசாமிகூட என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க ஜன்னலுக்கு வெளியே குடையோடு வந்து நின்றார்.

அஞ்சலை பலகையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள்.

"த... வ்... வை. தவ்வைன்னா என்னா பாய்?"

"அக்கான்னு அர்த்தம்மா. பழைய தமிழு."

"அக்காவா." அவள் யோசித்தாள். "யாருக்கு அக்கா?"

இந்தக் கேள்வியை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பலகையில் பொய் எழுதாதவர் வாயால் மட்டும் சொல்லிவிடுவாரா?

"மகாலட்சுமிக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

லட்சுமியின் அக்கா யார் என்று தமிழ்நாட்டில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கோவிந்தசாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அஞ்சலை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதுக்குத்தானா ஐயா இவ்ளோ நாளா மூணு பேரும் திருட்டு முழி முழிச்சீங்க?"

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"வந்த மொத நாளே தெரியும் பாய். இதோ இவரு," என்று ஜன்னலைக் காட்டினாள், "மழையும் இல்லாம வெய்யிலும் இல்லாம குடைய புடிச்சிக்கிட்டு முள்ளுல சுத்திப் போறாரே, எதுக்குப் போறாருன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஊர்ல காலைல என் எதிர்ல வராம இருக்க அப்படித்தான் சுத்திப் போறாங்க."

சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"என் மாமியா என்னக் கூப்புடறதே அந்தப் பேருலதான். தண்ணி மொண்டா மூதேவி, வாசல் கூட்டுனா மூதேவி. ரெண்டு புள்ளைய முழுங்கினவன்னு. அதே பேருல ஒருத்தி இங்க நிமுந்து ஒக்காந்திருக்கா. வயிறு நெறய, ரெண்டு பக்கமும் புள்ளைங்க. அவளுக்கும் ஒரு காலத்துல பூ வெச்சிருக்காங்க. நான் வேற சாமிகிட்ட போனா என் கதைய மொதல்லேந்து சொல்லணும் ஐயா. இவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அதுக்குத்தான் பஸ்ஸு ஏறி வர்றேன்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவும் மறந்து நின்றார். வெளியே குடை மடங்கும் சத்தம் கேட்டது. கோவிந்தசாமி வாசல் வழியாக உள்ளே வந்து, கிட்டங்கியின் நடுவே, சிலையையும் அவளையும் கடந்து, தன் அறைக்குப் போனார். போகும்போது கொஞ்சம் வேகமாகத்தான் போனார். ஆனால் போனார்.

அன்று சாயங்காலத் தொழுகைக்கு மேற்குச் சுவரைப் பார்த்து நின்றபோது அந்தப் பெண்ணுக்காகத் துஆ கேட்டேன். அவள் அவளுடைய தவ்வையிடம் கேட்டாள், நான் என் ரப்பிடம் கேட்டேன், ஹலீமா நோன்பு நேர்ந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. சார் சிதம்பரம் கோயில் சிற்சபையில் அர்ச்சனைக்குச் சொல்லியிருந்தார் என்பது அவர் கையில் இருந்த பிரசாதத்தைப் பார்த்துத் தெரிந்தது. யார் கேட்டதற்கு யார் கொடுத்தார்கள் என்று விசாரிப்பது அட்டெண்டர் வேலை இல்லை.

கலெக்டர் வந்தார், கூடம் திறந்தார், தவ்வையைப் பார்த்து நல்ல தமிழ் என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின் அஞ்சலை வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவதும், சார் ரயில் நேரத்தைத் தவறவிட்டு உட்கார்ந்திருப்பதுமாக நாட்கள் போயின.

ஒரு காலையில் கலியபெருமாள் வந்தார். கையில் ஒரு பொட்டலம் கற்கண்டு. அவர் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தசாமி, "என்னாச்சு?" என்று அதட்டினார்.

"பொண்ணு ஐயா. ரெண்டும் நல்லா இருக்கு. அது கத்துற கத்துல தெருவுல நாய் படுக்க மாட்டேங்குது."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சார் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீராசாமிதான் கேட்டார்: "உங்கம்மா என்னா சொல்றாங்க? இன்னும் அந்தப் பொண்ண வையிறாங்களா?"

கலியபெருமாள் வேட்டியை மடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார்.

"அத ஏன் கேக்குறீங்க. புள்ளைய குடுத்தது எந்தச் சாமின்னு அஞ்சலை அம்மாகிட்ட சொல்லிட்டா. அந்தச் சாமி பேரு என்னான்னும் சொல்லிட்டா. அம்மாவுக்கு வாய்ப் பழக்கம் வுட மாட்டேங்குது. கோழிய வெரட்டுனாலும் 'மூதே...'ன்னு ஆரம்பிக்குது, ஐயோ சாமி பேராச்சேன்னு ஒடனே கன்னத்துல போட்டுக்குது. பேத்தி முன்னாடி தெய்வக்குத்தம் ஆயிடக் கூடாதுன்னு பயம். காலைலேந்து பொழுது சாயறதுக்குள்ள எத்தினி தடவதான் போட்டுக்கும் பாய், பாவம். ரெண்டு கன்னமும் வீங்கிப்போயி ஒக்காந்திருக்கு."